சாம்பல் சூழ்ந்த வான்வழி

உரைநடை உலகம்

நுழையும்முன்

கடல்வழிப் பயணத்திற்குக் காற்றும் மழையும் தடையாயின. வான்வழிப் பயணத்திற்கு எங்கோ தொலைவில் வெடிக்கும் எரிமலையின் சாம்பலும் தடையாகிறது. பயணம் நின்றுபோவதால் விளையும் இழப்பு உண்மையானது. பயணத்தை நிறுத்தும் எச்சரிக்கை உயிரைக் காக்கிறது என்பதும் உண்மையே. இவ்விரண்டையும் ஒருசேர அறிந்து, இடர்க்காலத்தில் நிதானத்துடன் செயல்படும் வழிகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

காத்திருக்கக் கற்ற ஊர்

வடசென்னையில் திருவொற்றியூரை ஒட்டி அமைந்துள்ள பகுதி காலடிப்பேட்டை. 1717 முதல் 1720 வரை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் குழுமத்தின் சென்னை ஆளுநராக இருந்தவர் ஜோசப் காலெட். அவர் காலத்தில் நெசவாளர்களைக் குடியமர்த்தி உருவாக்கப்பட்ட இவ்வூர், அவர் பெயரால் காலெட்பேட்டை என வழங்கப்பட்டது. மக்கள் நாவில் அப்பெயர் காலடிப்பேட்டை என மருவியது.

சென்னையின் துணிகள் கப்பலேறிக் கடல் கடந்த காலம் அது. ஆயினும், கப்பல்கள் பாதுகாப்பாக நிற்பதற்குரிய செயற்கைத் துறைமுகம் அன்று இங்கு இல்லை. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கரையருகே நங்கூரமிட அஞ்சிக் கப்பல்கள் விலகிச் சென்றன. தறியில் வேலை முடிந்திருந்தாலும், காற்றுத் தணியும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இன்றும் இக்கடற்கரை மக்கள் அறிந்த ஓர் ஒழுங்கு உண்டு. வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானால், துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படும். ஒன்றாம் எண் தொடங்கிப் பதினொன்றாம் எண் வரை ஒவ்வொரு கூண்டுக்கும் ஒரு பொருள் உண்டு. கூண்டு ஏற்றப்பட்ட நாள்களில் காசிமேட்டுப் படகுகள் கரையிலேயே நிற்கும். அன்றைய வருவாய் இல்லை. ஐஸ் வாங்கிய பணம் வீணாகும். வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் நிற்காது. இருந்தும், கூண்டைக் கண்டு யாரும் சினங்கொள்வதில்லை. கூண்டு புயலை உண்டாக்குவதில்லை, புயல் வருவதை அறிவிக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

வானத்தில் கம்பம் நட்டுக் கூண்டு ஏற்ற இயலாது. ஆனால் வான்வழிக்கும் அத்தகைய எச்சரிக்கை முறை ஒன்று உருவாக்கப்பட்டுள்ளது. அதன் பயனைத் தமிழகம் நேரடியாக உணர்ந்த நாள்கள் 2025 நவம்பரில் வந்தன.

எத்தியோப்பியாவிலிருந்து வந்த சாம்பல்

ஆப்பிரிக்காவின் எத்தியோப்பிய நாட்டில் அஃபார் என்னும் வறண்ட நிலப்பகுதி உள்ளது. அங்குள்ள ஹேலி குப்பி என்னும் எரிமலை 2025 நவம்பர் 23ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை வெடித்தது. சாம்பல் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் உயரம்வரை எழுந்தது. அது பயணிகள் விமானங்கள் வழக்கமாகப் பறக்கும் உயரத்தையும் விஞ்சியது.

அவ்வுயரத்தில் வீசிய வன்காற்று சாம்பலை அள்ளிக்கொண்டு செங்கடலைக் கடந்தது. ஏமன், ஓமன் நாடுகளின் வழியே அரபிக்கடலுக்கு மேல் வந்தது. நவம்பர் 24 இரவில் குஜராத், இராஜஸ்தான், டெல்லி ஆகியவற்றின் வான்பரப்பைச் சாம்பல் அடைந்தது. எரிமலைக்கும் டெல்லிக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ நாலாயிரம் கிலோமீட்டர். அத்தொலைவைக் கடக்கச் சாம்பலுக்கு இரண்டு நாள்கள்கூடத் தேவைப்படவில்லை.

இந்திய வானிலை ஆய்வுத்துறை சாம்பலின் போக்கைக் கண்காணித்து விமான நிலையங்களை எச்சரித்தது. சாம்பல் பரவிய உயரங்களையும் பகுதிகளையும் தவிர்க்குமாறு விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் விமான நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. நிறுவனங்கள் சில விமானங்களை நிறுத்தின. சிலவற்றை வேறு வழியில் செலுத்தின. சாம்பல் பகுதிக்கு மேலே ஏற்கெனவே பறந்து வந்த விமானங்களைச் சோதனையிடுவதற்காகவும் பயணங்கள் நிறுத்தப்பட்டன. அவ்வாறு நிறுத்தப்பட்டவற்றுள் துபாயிலிருந்து சென்னைக்கு வரவேண்டிய விமானமும், சென்னையிலிருந்து மும்பைக்குச் செல்லவேண்டிய விமானமும் அடங்கும். சென்னை வானில் சாம்பல் இல்லை. ஆயினும், சென்னைப் பயணிகள் காத்திருக்க நேர்ந்தது. வான்வழிகள் ஒரு வலையைப்போலப் பின்னிக் கிடப்பதால், ஓரிடத்தில் விழும் முடிச்சு மற்றோரிடத்தையும் இறுக்குகிறது.

அடுத்த நாளே சாம்பல் கிழக்கு நோக்கி நகர்ந்து சீனத்தின் பக்கம் சென்றது. தரையில் இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தபோது பெரிதாக எதுவும் தெரியவில்லை. "வானம் தெளிவாக இருக்கிறதே, விமானத்தை ஏன் நிறுத்தினார்கள்?" என்ற கேள்வி பலருக்கும் எழுந்திருக்கும். அதற்கு விடை காண, சாம்பலின் இயல்பை அறிய வேண்டும்.

அடுப்புச் சாம்பலும் எரிமலைச் சாம்பலும்

சாம்பல் என்றதும் நம் நினைவிற்கு வருவது விறகடுப்பின் சாம்பல். மென்மையானது, பாத்திரம் துலக்கப் பயன்பட்டது. வடசென்னை மக்களுக்கு மற்றொரு சாம்பலும் தெரியும். எண்ணூர் வட்டாரத்து அனல்மின் நிலையங்களில் நிலக்கரியை எரித்தபின் எஞ்சும் சாம்பல் அது. கொடியில் உலரும் துணியில் படிந்ததை உதறியவர்களும், கொசத்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் சேறாகப் படிந்ததைக் கண்டு வருந்திய மீனவர்களும் அதன் தன்மையை நன்கு அறிவர்.

எரிமலைச் சாம்பல் எரிந்து எஞ்சிய பொருள் அன்று. அது பாறைத் தூள். எரிமலையின் அடியில் உள்ள பாறைக்குழம்பில் வளிகள் கரைந்திருக்கும். குழம்பு மேலெழும்போது அழுத்தம் குறைய, அவ்வளிகள் வேகமாக விரிந்து குழம்பைச் சிதறடிக்கின்றன. சிதறிய துளிகள் நொடிப்பொழுதில் குளிர்ந்து, கூர்முனைகள் கொண்ட கண்ணாடித் துகள்களாகவும் பாறைப் பொடியாகவும் மாறுகின்றன. இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவுடைய துகள்களையே அறிவியலார் எரிமலைச் சாம்பல் என்பர். அது நீரில் கரையாது. தேய்த்தால் கண்ணாடியைக் கீறும்.

விமானத்தின் தாரை எந்திரம் பெருமளவு காற்றை உள்ளிழுத்து இயங்குவது. காற்றோடு சாம்பலும் உள்ளே புகுந்தால் மூன்று தீங்குகள் நேரும். முதலாவதாக, துகள்கள் எந்திரத்தின் அலகுகளை அரம்போல் தேய்க்கும். இரண்டாவதாக, எந்திரத்தினுள் நிலவும் கடும் வெப்பத்தில் சாம்பல் உருகும். உருகிய சாம்பல் அடுத்துள்ள விசையாழியில் கண்ணாடிப் பூச்சாக ஒட்டிக்கொண்டு காற்றோட்டத்தை அடைக்கும், எந்திரம் நின்றுவிடும். மூன்றாவதாக, விமானியின் முன்கண்ணாடி தேய்ந்து பார்வை மறையும். வேகத்தை அளக்கும் குழாய்கள் அடைபடும்.

இத்தனைக்கும் மேலான இடர் ஒன்று உண்டு. விமானத்திலுள்ள ரேடார், மழைத்துளிகளைக் கண்டறியவே அமைக்கப்பட்டது. உலர்ந்த நுண்துகள்களை அது காட்டுவதில்லை. இரவில் விமானியின் கண்ணுக்கும் சாம்பல் மேகம் புலப்படாது.

நான்கு எந்திரங்களும் நின்ற இரவு

1982 ஜூன் 24. இலண்டனிலிருந்து புறப்பட்டு, பம்பாய், கோலாலம்பூர் வழியாக வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரை நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. அதில் 263 பேர் இருந்தனர். சாவகத் தீவுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலுக்கு மேல் செல்லும்போது, முன்கண்ணாடியில் இனம்புரியாத ஒளிப்பொறிகள் தோன்றின. பயணிகள் பகுதியில் கந்தக நெடியுடன் புகை சூழ்ந்தது. சிறிது நேரத்தில் நான்கு எந்திரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பலுக்குள் விமானம் புகுந்திருந்தது. அங்கே சாம்பல் இருப்பதை விமானிக்கு அறிவிப்பார் எவரும் இல்லை. தலைமை விமானி எரிக் மூடியும் குழுவினரும் நிலைகுலையாமல், 37,000 அடி உயரத்திலிருந்து விமானத்தை மிதந்து இறங்கவிட்டபடியே எந்திரங்களை மீண்டும் மீண்டும் இயக்க முயன்றனர். விமானம் சாம்பலை விட்டு வெளியே வந்ததும், எந்திரத்தில் ஒட்டியிருந்த கண்ணாடிப் பூச்சு குளிர்ந்து உடைந்து உதிர்ந்தது; எந்திரங்கள் உயிர்பெற்றன. தேய்ந்து மங்கிய முன்கண்ணாடியின் வழியே ஏறத்தாழ எதையும் காண இயலாத நிலையில், விமானம் ஜகார்த்தாவில் தரையிறக்கப்பட்டது. அனைவரும் உயிர் பிழைத்தனர்.

1989 டிசம்பர் 15ஆம் நாள், அலாஸ்காவின் ரிடவுட் எரிமலைச் சாம்பலில் சிக்கிய கே.எல்.எம். விமானத்திற்கும் இதே நிலை ஏற்பட்டது. அதிலும் நான்கு எந்திரங்கள் நின்று, பின்னர் இயங்கின.

இரு நிகழ்வுகளிலும் உயிரிழப்பு இல்லை. ஆயினும், மூன்றாம் முறையும் அவ்வாறே நிகழும் என்று நம்பியிருக்க முடியாது. ஆகவே, உலக நாடுகள் எரிமலைச் சாம்பல் அறிவுரை மையங்களை நிறுவின. டார்வின், டோக்கியோ, துலூஸ், இலண்டன், வாஷிங்டன் உள்ளிட்ட ஒன்பது நகரங்களின் பெயரால் இம்மையங்கள் இயங்குகின்றன. செயற்கைக்கோள் படங்களையும் காற்றின் போக்கையும் கொண்டு, சாம்பல் எந்த உயரத்தில் எத்திசையில் நகரும் என்பதை அவை கணித்து அறிவிக்கின்றன. எரிமலைகளின் நிலையை உணர்த்தப் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என நான்கு நிறக் குறியீடுகள் உள்ளன. இவையே வான்வழியின் கூண்டுகள்.

தெரியுமா?

1883 ஆகஸ்ட் இறுதியில் இந்தோனேசியாவின் கிரகத்தோவா எரிமலை வெடித்துச் சிதறியது. அடுத்த மாதம் சென்னையிலும் இலங்கையிலும் கதிரவன் பச்சை நிறமாகத் தோன்றியது. வளிமண்டலத்தில் பரவிய எரிமலைத் துகள்களே அதற்குக் காரணம். சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் மிச்சி ஸ்மித் அப்பச்சைக் கதிரவனின் ஒளியை ஆராய்ந்து எழுதினார். இந்தியாவில் செயல்படும் நிலையிலுள்ள ஒரே எரிமலை, அந்தமான் கடலிலுள்ள பேரன் தீவில் அமைந்துள்ளது.

ஒரு கோடிப் பேரின் காத்திருப்பு

எச்சரிக்கை எவ்வளவு பெரிய இழப்பைக் கேட்கும் என்பதை 2010ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு ஏப்ரல் 14ஆம் நாள், ஐஸ்லாந்தில் பனிப்பாளத்தின் அடியிலிருந்த எய்யாஃபியாட்லாயோக்குட் எரிமலை வெடித்தது. உருகிய பனிநீர் பாறைக்குழம்போடு கலந்ததால், மிக நுண்ணிய சாம்பல் பெருமளவில் எழுந்தது. ஐரோப்பாவின் வான்பரப்பில் பெரும்பகுதி ஏறத்தாழ ஒரு வாரம் மூடப்பட்டது. சுமார் ஒரு லட்சம் விமானப் பயணங்கள் நிறுத்தப்பட்டன. ஒரு கோடிப் பேர் பாதிக்கப்பட்டனர். விமான நிறுவனங்களின் வருவாய் இழப்பு 170 கோடி டாலர் எனக் கணிக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து ஐரோப்பா சென்ற விமானங்களும் நின்றன. ஐரோப்பியச் சந்தைக்காகக் கென்ய நாட்டு உழவர்கள் பறித்துவைத்த மலர்கள் அனுப்ப வழியின்றி அழுகின.

சிறிதளவு சாம்பல் இருந்தாலும் பறக்கக்கூடாது என்பதே அதுவரை இருந்த விதி. அவ்விதி தேவைக்கு மேல் கடுமையானதா என்ற வினா எழுந்தது. எந்திர உற்பத்தியாளர்களும் அறிவியலாரும் ஆராய்ந்தனர். ஒரு கனமீட்டர் காற்றில் எவ்வளவு சாம்பல்வரை பறக்கலாம் என்னும் அளவுகள் வகுக்கப்பட்டன. அதன்பின் வான்வழிகள் படிப்படியாகத் திறக்கப்பட்டன. எச்சரிக்கைக்குக் கீழ்ப்படிவது அதனைக் கேள்வி கேட்காமலிருப்பது ஆகாது. தக்க சான்றுகளோடு கேள்வி கேட்டால் விதிகளும் செம்மையடையும்.

பயணம் நின்றால்

காலடிப்பேட்டை இளைஞர் ஒருவர் கப்பலில் பணியாற்றுபவர் என எண்ணிப்பார்ப்போம். துபாயில் நிற்கும் கப்பலில் அவர் குறித்த நாளில் ஏற வேண்டும். கப்பல் அவருக்காகக் காத்திராது. வீட்டார் கடன் வாங்கிப் பயண ஏற்பாடு செய்திருக்கின்றனர். மீனம்பாக்கத்தில் நிற்கும் அவருக்கு விமானம் நிறுத்தப்பட்ட செய்தி கிடைக்கிறது. அவர் கலங்குவது இயல்பே. அக்கலக்கத்தின் நடுவே அவர் என்ன செய்ய வேண்டும்?

முதலில், செய்தியை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். கைப்பேசிக் குழுக்களில் வரும் வதந்திகளை விலக்கி, விமான நிறுவனம், விமான நிலையம், வானிலை ஆய்வுத்துறை ஆகியவற்றின் அறிவிப்புகளையே நம்ப வேண்டும்.

அடுத்து, தம் உரிமையை அறிந்திருக்க வேண்டும். விமானம் நிறுத்தப்பட்டால், மாற்று விமானத்தில் இடம் தருதல் அல்லது கட்டணத்தைத் திருப்பித் தருதல் ஆகியவற்றுள் ஒன்றை நிறுவனம் செய்ய வேண்டும் என இந்திய விதிகள் கூறுகின்றன. இயற்கைப் பேரிடர் போன்று நிறுவனத்தின் கட்டுப்பாட்டிற்கு அப்பாற்பட்ட காரணங்களுக்கு, அதற்கு மேல் இழப்பீடு கேட்க இயலாது. உரிமை மறுக்கப்பட்டால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் முறையிடலாம். வெளிநாட்டில் சிக்கியவர்கள் இந்தியத் தூதரகத்தை நாடலாம்.

மூன்றாவதாக, விமானம் நிறுத்தப்பட்டதற்கான சான்றினை நிறுவனத்திடம் எழுத்து வடிவில் பெற வேண்டும். பணியில் சேரும் நாள் தவறியது தம் பிழையன்று என வேலை தருபவருக்குக் காட்டவும், நுழைவிசைவுக் காலம் முடிந்துவிட்டால் விளக்கம் அளிக்கவும், பயணக் காப்பீடு கோரவும் அச்சான்று உதவும். காத்திருக்கும் நேரத்திலேயே உரியவர்களுக்குத் தகவல் தெரிவித்துவிடுவது நல்லது.

நான்காவதாக, மாற்று வழியைத் தேட வேண்டும். 2015 டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையால் சென்னை விமான நிலையம் வெள்ளத்தில் மூழ்கி மூடப்பட்டது. அப்போது அரக்கோணத்திலுள்ள ராஜாளி கடற்படை விமானத்தளத்திலிருந்து பயணிகள் விமானங்கள் இயக்கப்பட்டன. பலர் பேருந்தில் பெங்களூரு சென்று பயணத்தைத் தொடர்ந்தனர். ஒரு வழி அடைபட்டால் மற்றொரு வழி இருக்கிறதா என நிதானமாக ஆராய்பவர் விரைவில் கரைசேர்வார்.

இவற்றிற்கெல்லாம் மேலாக, முன்னேற்பாடு வேண்டும். இன்றியமையாத பயணமெனில், சேர வேண்டிய நாளுக்கு ஒரு நாளேனும் முன்னதாகச் சென்று சேருமாறு திட்டமிடுதல், மருந்துகளையும் ஆவணங்களையும் கைப்பையிலேயே வைத்திருத்தல், ஆவணப் படிகளை வீட்டாரிடம் கொடுத்து வைத்தல் ஆகியன சிறு செயல்களே. ஆனால் நெருக்கடியில் அவை பெருந்துணையாகும். எனினும், கூடுதலாக ஒரு நாள் தங்குவதற்கும் காப்பீடு செய்வதற்கும் எல்லாரிடமும் பணம் இருப்பதில்லை. பேரிடரின் சுமை எளியவர் தோளில் கூடுதலாக விழுகிறது. ஆதலால் விமான நிலையத்தில் தவிக்கும் முதியோருக்கும், குழந்தையுடன் நிற்கும் தாய்க்கும், மொழி தெரியாத தொழிலாளிக்கும் உதவுவது உடன் காத்திருப்போரின் கடமையாகிறது. படிவம் நிரப்பிக் கொடுப்பதும், கைப்பேசியை ஒருமுறை பேசத் தருவதும், குடிநீரைப் பகிர்வதும் யார்க்கும் இயலும்.

விமானச் சேவை மையத்தில் அமர்ந்திருக்கும் பணியாளரும் எரிமலையை வெடிக்கச் செய்தவர் அல்லர். அவரிடம் உரிமையைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். சினத்தை அவர்மீது கொட்டுவதால் சாம்பல் விலகாது.

கட்டணம் திரும்பக் கிடைக்கலாம். தவறிய நாள் திரும்பக் கிடைக்காது. அவ்விழப்பைச் சிறிது என்று எவரும் சொல்ல இயலாது. ஆனால் 1982இல் எச்சரிப்பார் இன்றி 263 பேர் சாம்பலுக்குள் சென்றனர். 2025இல் எச்சரிக்கை முன்கூட்டியே வந்தது. அதனால் விமானங்கள் தரையில் நின்றன. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடே மனித அறிவு ஈட்டிய பயன். கூண்டு ஏற்றப்பட்ட நாளில் படகைக் கரையேற்றிவிட்டு வலையைப் பழுதுபார்க்கும் மீனவர், இழப்பை அறியாதவர் அல்லர். நாளையும் கடலுக்குச் செல்ல வேண்டும் என்பதை அறிந்தவர். வான்வழிப் பயணிக்கும் அவ்வறிவே துணையாகும்.

சொல்லும் பொருளும்

தாரை எந்திரம் – வெப்ப வளியைப் பின்னோக்கிப் பீய்ச்சி விமானத்தை முன்செலுத்தும் எந்திரம்
விசையாழி – வளியின் விசையால் சுழலும் எந்திரப் பகுதி
நுழைவிசைவு – அயல்நாட்டிற்குள் செல்ல வழங்கப்படும் அனுமதி
முகத்துவாரம் – ஆறு கடலோடு கலக்குமிடம்

இலக்கணக்குறிப்பு

காற்றும் மழையும் – எண்ணும்மை
நுண்துகள் – பண்புத்தொகை
கரையாது – எதிர்மறை வினைமுற்று
திட்டமிடுதல் – தொழிற்பெயர்

பகுபத உறுப்பிலக்கணம்

அறிந்து = அறி + த்(ந்) + த் + உ
அறி – பகுதி. த் – சந்தி, த் ந் ஆனது விகாரம். த் – இறந்தகால இடைநிலை. உ – வினையெச்ச விகுதி

கற்பவை கற்றபின்

1. புயல் எச்சரிக்கைக் கூண்டுகளின் எண்களையும் அவை உணர்த்தும் பொருளையும் திரட்டி அட்டவணையாக்குக.
2. புயல், வெள்ளம் ஆகியவற்றால் பயணம் தடைப்பட்ட அனுபவத்தை உங்கள் வீட்டுப் பெரியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.
3. நிறுத்தப்பட்ட விமானத்திற்கான கட்டணத்தைத் திருப்பித் தருமாறு வேண்டி, விமான நிறுவனத்திற்குக் கடிதம் வரைக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. எரிமலைச் சாம்பல் என்பது
அ) எரிந்த மரத்தின் எச்சம் ஆ) நிலக்கரியின் எச்சம் இ) பாறை, கண்ணாடித் துகள்கள் ஈ) உறைந்த நீராவி

2. 2025 நவம்பரில் வெடித்த ஹேலி குப்பி எரிமலை அமைந்துள்ள நாடு
அ) இந்தோனேசியா ஆ) எத்தியோப்பியா இ) ஐஸ்லாந்து ஈ) கென்யா

குறுவினா

1. காலடிப்பேட்டை என்னும் பெயர் தோன்றிய வகையைக் குறிப்பிடுக.
2. விமானத்தின் ரேடார் எரிமலைச் சாம்பலைக் காட்டாமைக்குக் காரணம் யாது?

சிறுவினா

1. எரிமலைச் சாம்பலால் விமானத்திற்கு நேரும் தீங்குகளை விளக்குக.
2. 'எச்சரிக்கைக்குக் கீழ்ப்படிவது அதனைக் கேள்வி கேட்காமலிருப்பது ஆகாது' – 2010ஆம் ஆண்டு நிகழ்வின்வழி நிறுவுக.

நெடுவினா

1. விமானப் பயணம் நிறுத்தப்படும்போது பயணி மேற்கொள்ள வேண்டிய செயல்களையும், உடன் காத்திருப்போருக்கு ஆற்ற வேண்டிய கடமைகளையும் தொகுத்து எழுதுக.